லிவர்ப்பூல் எலும்பு வைத்தியர்

லிவர்ப்பூல் என்னும் துறைமுகப் பட்டணத்தின் பெயர் நம் வியாபாரிகளுக்குப் புதிதன்று. ஒரு காலத்தில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சரக்கு ஏற்றிய நீலப் புகைக்கூண்டுக் கப்பல்கள் அந்த ஊர்க் கம்பெனிக்குச் சொந்தமானவை. நம் பெரியோர்களில் பலர் அவற்றிலேயே ஹஜ்ஜுப் பயணமும் சென்று வந்தார்கள். அந்தப் பட்டணத்துக் கூலியாட்களும் மாலுமிகளும் கை கால் முறிந்தால் தேடிச் சென்ற ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறோம். டாக்டர் ஹியூ ஓவன் தாமஸ் என்பது அவர் பெயர். பிரிட்டனின் எலும்பு மூட்டு வைத்தியத்துக்குத் தந்தை என்று பிற்காலத்தார் அவரைக் கொண்டாடுகிறார்கள். உயிரோடிருந்த காலத்தில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை.

அவருடைய குடும்பக் கதையே விசித்திரமானது. 1740-களில் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கில்சி தீவின் கரையருகே ஒரு கப்பல் உடைந்து, இன்ன தேசத்தான் என்று தெரியாத ஒரு சிறுவன் கரை சேர்ந்தானாம். தீவுவாசிகள் அவனை வளர்த்து ஈவன் தாமஸ் என்று பெயரிட்டார்கள். முறிந்த எலும்பைத் தடவிப் பார்த்தே பொருத்திவிடும் கைத்திறன் அவனிடம் இருந்தது. அத்தொழில் பரம்பரையாக இறங்கி, ஹியூவின் தகப்பனார் காலத்தில் லிவர்ப்பூலுக்கு வந்தது. தகப்பனாரிடம் கூட்டம் அலைமோதியது. பட்டமோ லைசென்ஸோ இல்லை. பொறாமை கொண்ட டாக்டர்கள் அவரைப் பன்முறை கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அலுத்துப்போன அவர் தம் ஐந்து பிள்ளைகளையும் வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பி டாக்டர்களாக்கினார். அவர்களில் மூத்தவரே ஹியூ. பிறந்தது 1834-ல், அதே ஆங்கில்சி தீவில்.

எடின்பரோவிலும் லண்டனிலும் படித்து 1857-ல் பட்டம் பெற்றுத் திரும்பிய ஹியூ, தகப்பனாரோடு சேர்ந்து தொழில் செய்து பார்த்தார். ஒத்துவரவில்லை. தகப்பனாருக்குக் கைப்பழக்கம், மகனுக்கோ ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். பிரிந்து சென்று, துறைமுகத்துக்கு அருகில் தனியாக இடம் பிடித்தார். அங்கே கொல்லனையும் தோல் வேலைக்காரனையும் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார். நோயாளியின் அளவுக்கு ஏற்ற இரும்புச் சிம்பு அவர் கண் முன்னாலேயே தயாராகும்.

அக்காலத்தில் ஏழைக் குழந்தைகளை இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் வரும் எலும்பு க்ஷயம் வாட்டியது. டாக்டர்கள் மூட்டை அறுத்தெடுப்பார்கள்; சில சமயம் காலையே வெட்டிவிடுவார்கள். தாமஸின் வழி வேறு. நோயுற்ற மூட்டுக்கு ஓய்வு வேண்டும். அது முழுமையாகவும், இடைவிடாமலும், நீண்ட காலமும் இருக்கவேண்டும் என்றார். தோள்பட்டைக்குக் கீழிருந்து கெண்டைக்கால் வரை ஓடும் ஒரு நீண்ட இரும்புச் சிம்பைப் பிள்ளைக்குக் கட்டுவார். நல்ல காலின் செருப்புக்கு அடியில் உயரம் வைப்பார். கெட்ட கால் தரையில் படாமல், கக்கத்துக் கட்டைகளை ஊன்றிப் பிள்ளை நடக்கலாம். மாதக் கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை என்பதால் கூலிக்காரன் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்! ஓய்வு ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று அவர் நம்பியது மிகையென்றே நமக்குத் தோன்றுகிறது. க்ஷயக் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் எத்தனையோ கால்கள் வெட்டுக்குத் தப்பின.

நோயைக் கண்டறிய அவர் சொன்ன சோதனை அதனினும் அழகானது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். அவர் அதைப் பார்க்கவேயில்லை. இடுப்பு மூட்டு கெட்டால் துடை சற்று மடங்கிவிடும். மல்லாக்கப் படுக்க வைத்தாலோ, நோயாளி தன்னையறியாமல் முதுகை வளைத்து அந்த மடக்கை மறைத்துவிடுவான். கால் நேராக இருப்பது போலவே தெரியும். தாமஸ் நல்ல காலை மடக்கி மார்போடு சேர்ப்பார். முதுகு பலகையில் படிந்துவிடும். உடனே நோயுற்ற துடை தானாக மேலெழும். எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு மடக்கு. செலவில்லாத இச்சோதனையை அவர் பெயராலேயே இன்றும் டாக்டர்கள் செய்கிறார்கள்.

1875-ல் இவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு அவரும் ஒரு காரணம். எழுதிய பக்கங்களில் பிற டாக்டர்களைச் சாடியவை ஏராளம், கோபக்காரர். சரக்கு முதல் தரம், விற்கும் வாய் மோசம் என்று நம் கடைத்தெருவில் சொல்வார்கள். சிறு வயதில் கண்ணிமையில் பட்ட காயத்தை மறைக்க முன்புறம் இறக்கிய தொப்பி, கழுத்து வரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டு, ஓயாத சிகரெட்டு, இப்படியே அவரை ஊர் அறியும். பெரிய ஆஸ்பத்திரி எதிலும் அவருக்குப் பதவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். 1891 ஜனவரியில், 56 வயதில் காலமானபோது ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் தெருவில் நின்று அழுதார்கள்.

அவருக்குப் பிள்ளையில்லை. 1873-லிருந்து அவர் வீட்டில் வளர்ந்து தொழில் கற்ற மனைவி வழி மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் சாந்த குணமுடையவர். மாமன் இழந்த நண்பர்களை மருமகன் சம்பாதித்தார். 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. துடை எலும்பு முறிந்த சிப்பாய்களை வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டு வரும்போது, முறிந்த நுனிகள் சதையைக் கிழித்து, இரத்தம் சேதமாகி வழியிலேயே இறந்தார்கள். ராணுவ டாக்டர்கள் சொன்ன கணக்கில், யுத்தத் தொடக்கத்தில் நூற்றுக்கு 80 பேர் வரை மாண்டனர்.

முழங்கால் க்ஷயத்துக்காக மாமன் செய்த சிம்பை ஜோன்ஸ் போர்க்களத்துக்குக் கொண்டு சென்றார். துடையடியில் தோல் சுற்றிய இரும்பு வளையம். அதிலிருந்து காலின் இருபுறமும் பாதத்துக்கு அப்பால் வரை ஓடும் இரண்டு கம்பிகள். பாதத்தை இழுத்து அதன் முனையில் கட்டிவிட்டால் முறிந்த நுனிகள் அசையா. அச்சிம்பு பரவிய பின் சாவு நூற்றுக்கு 20 அளவுக்கு இறங்கியது. காயம்பட்டோரைச் சுமந்து வரும் சிப்பாய்கள், இருட்டிலும் பூட்ஸைக் கழற்றாமலே அதைக் கட்டுவதற்காக, கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு பயிற்சி எடுத்தார்கள்.