ஒளியை ஆய்ந்த இராமன்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவி ஓட, இடையே தீவாய் விளங்குவது திருவரங்கம். அத்தீவின் கீழ்ப்பால் உள்ள திருவானைக்கா நீர்த்தலம் எனப் போற்றப் பெறுவது; அங்குக் கருவறையிலேயே நீர் ஊறும். அவ்வூரில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மையாருக்கும் இரண்டாம் மகவாகப் பிறந்தவர் சர் சி. வி. இராமன். நீர்த்தலத்தில் தோன்றிய குழந்தை பின்னாளில் கடல்நீரின் நிறத்தை ஆராய்ந்தது இனிய பொருத்தமே.

திருச்சிராப்பள்ளியில் ஆசிரியராய் இருந்த தந்தையார் 1892இல் விசாகப்பட்டினத்துக் கல்லூரிக்குப் பணி ஏற்றுச் சென்றார். அங்கே இராமன் பதினோராம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ., 1907இல் எம்.ஏ. பட்டங்களை முதன்மையாகப் பெற்றார். அவர்தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1906இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு.

மேற்கல்விக்கு இங்கிலாந்து செல்ல அவரது உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. அறிவியலால் பிழைக்கும் வழி அந்நாளில் இந்தியர்க்கு அரிது. ஆதலின் நிதித்துறைத் தேர்வெழுதி முதல்வராய்த் தேறி, 1907இல் கல்கத்தாவில் உயர் அலுவலரானார். அந்நகரின் பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அறிவியற் கழகம் ஆராய்வார் இன்றிக் கிடந்தது. இராமன் அதனைக் கண்டதும் உள்ளம் பூரித்தார். விடியுமுன் கழகத்தில் ஆராய்ச்சி. பகலில் அலுவலகத்தில் கணக்கு. மாலையில் மீண்டும் கழகம். இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்ட காலம் நீங்கலாக, பத்தாண்டு இவ்வாறே கழிந்தது.

1917இல் ஆசுதோஷ் முகர்ஜி அவரைக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக அழைத்தார். ஊதியமோ அலுவலகத்தில் பெற்றதில் ஏறத்தாழப் பாதி. மனைவியுடன் வாழும் இளைஞர், அரசாங்கத்தின் உயர்பதவியையும் அதன் பாதுகாப்பையும் உதறுவது எளிதன்று. உற்றாரும் நண்பரும் அறிவிலாச் செயலென்று கருதக்கூடும். இராமன் பதவியைத் துறந்தார்.

1921இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டினின்றும் கப்பலில் திரும்புகையில் நடுநிலக்கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. கடல் வானத்தின் நிழலால் நீலமாய்த் தோன்றுகிறது என்பது பேரறிஞர் இராலேயின் கொள்கை. இராமன் சிறு படிகப் பட்டகம் ஒன்றின் வழியே நோக்கி, நீர்ப்பரப்பில் பட்டு மீளும் வான்ஒளியை விலக்கினார். நீலம் மறையவில்லை, முன்னினும் மிகுந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்து அந்நிறத்தைத் தருகின்றன என்று தெளிந்தார்.

அதன்பின் ஏழாண்டு உழைத்தார். ஒரே நிறமுடைய ஒளியைத் திரவத்தில் செலுத்தினால், சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். கைரேகை மனிதனைக் காட்டுவதுபோல அது பொருளைக் காட்டிவிடும். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இதனைத் தெளிவாகக் கண்டார். கருவிகளோ மிக எளியவை. உடனுழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன் என்னும் தமிழர். அவர் பெயரை மறப்பது நன்றியன்று. அதே காலத்தில் மாஸ்கோவிலும் இருவர் இவ்விளைவைப் படிகங்களில் கண்டனர். ஆயினும் முந்தி வெளியிட்டவர் இராமனே. 1930இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. அறிவியலில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவர்.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் இயக்குநரானார். அவரது விரைவும் கடுமையும் பலரைப் பகைத்தன. 1937இல் அப்பதவியை விட்டும் பேராசிரியராகத் தொடர்ந்தார். அறிவிற் பெரியார்க்கும் பொறுமை வாய்ப்பது அரிதுபோலும். பின்னர்த் தாமே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்து, வைரம், பறவையின் இறகு, மலர் இவற்றின் நிறங்களை இறுதிவரை ஆராய்ந்தார். மத்தளத்தின் நாதத்தில் சுருதி அமைந்ததன் காரணத்தை முன்னரே விளக்கியவரும் அவரே. 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். நிலையத்தின் தோட்டத்திலேயே அவரது உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தைக் காட்டி நிற்பது ஒரு மரம்.

2021 பிப்ரவரி 18ஆம் நாள் அமெரிக்கரின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியது. மனிதர் இன்னும் கால்வைக்காத அந்நிலத்தில், அவ்வூர்தியின் கருவியொன்று பாறைமீது பச்சை நிறக் கதிரைப் பாய்ச்சி, மீளும் ஒளியில் நிறம் மாறிய சிறு பகுதியைத் தேடுகிறது. திருவானைக்காவில் பிறந்தவர் கண்ட விளைவே அங்கும் பாறையின் இயல்பைக் கூறுகிறது.