பரமஹம்சர் பொறுப்பேற்ற கிரீஷ் சந்திர கோஷ்

குடிக்கு அடிமையான ஒருவர் தேர்த் திருவிழாவன்றும் வீதியின் ஓரமாய் ஒதுங்கி நிற்பதை நாம் காண்கிறோம். உள்ளே வரத் தமக்குத் தகுதியில்லை என்ற கூச்சமே அவரைத் தடுக்கின்றது. வங்காளத்தின் பெரும் நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷும் அப்படி நின்றவர்தான்.

1844ஆம் ஆண்டு கல்கத்தாவிலே பிறந்த அவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பின்னர் மனைவியையும் பறிகொடுத்தார். பகலில் கந்தோர் வேலை, இரவில் நாடகம், துணைக்கு மது என்றாயிற்று வாழ்க்கை. ஒருகாலத்தில் கடவுளையே மறுத்தார்.

1884 செப்டெம்பர் 21ஆம் திகதி, அவர் எழுதிய சைதன்ய லீலை நாடகத்தைக் காண ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சர் ஸ்டார் அரங்குக்கு எழுந்தருளினார். நாடகக்காரரைப் பெரியோர் இழிவாக எண்ணிய காலம் அது. அதன்பின் கிரீஷ் அவரை நாடிச் செல்லலானார். ஒருநாள் வெறியில் பரமஹம்சரையே வாய்க்கு வந்தபடி ஏசியும் விட்டார். வெறி தெளிந்ததும் இனி எந்த முகத்தோடு போவது என வெட்கித் தவித்தவரின் வீட்டுக்கு, குருநாதரே தேடி வந்தார்.

மதுவை விடு என்று அவர் ஒருபோதும் கட்டளையிடவில்லை. (இதைக் குடிப்பதற்கு அனுமதி என்று எவரும் கொள்ளலாகாது.) காலையும் மாலையும் இறைவனை நினைக்கும்படி மட்டும் கேட்டார். சொன்ன சொல்லைக் காக்க முடியாதென அஞ்சி கிரீஷ் மௌனமானார். உணவுக்கு முன்பும் உறங்கும் முன்புமாவது நினைக்கலாமே என்றபோதும் உறுதி கூற இயலவில்லை. அப்படியாயின் பொறுப்பனைத்தையும் தமக்கே அற்றோணித் தத்துவமாக எழுதித் தந்துவிடும்படி கேட்டார் பரமஹம்சர். கிரீஷ் மகிழ்ந்து சம்மதித்தார். இனித் தமக்கு வேலையில்லை என்றே எண்ணினார்.

ஆனால் அது எளிதாய் இருக்கவில்லை. நான் இதைச் செய்வேன் என்று சிறு காரியத்துக்குச் சொன்னபோதும் குருநாதர் திருத்தினார். செபம் செய்பவருக்கு அதற்கென ஒரு நேரம் உண்டு, அது முடியும். பொறுப்பைக் கொடுத்தவரோ ஒவ்வோர் அடியிலும், ஒவ்வொரு மூச்சிலும் கொடுத்ததை நினைக்க வேண்டியிருந்தது. அந்நினைவு வளர வளர மது மெல்ல மெல்ல விலகியது.

1886 ஓகஸ்டில் பரமஹம்சர் மகாசமாதியடைந்தார். பின்னர் இரண்டாவது மனைவியும் சிறு மகனும் இறந்தபோதும், கொடுத்த பொறுப்பைக் கிரீஷ் திருப்பிக் கேட்கவில்லை. 1912இல் காலமாகும்வரை நாடகங்கள் எழுதினார். விவேகானந்தர் முதலான துறவிகள் அவரைத் தமையனாக மதித்துப் பழகினர். தம் பழைய வாழ்வை அவர் எவரிடமும் மறைத்ததில்லை.