ஏ.பி.நாகராஜன்: சாமியைக் கேள்வி கேட்டே பக்திப் படம் எடுத்தவர்

‘திருவிளையாடல்’ படத்தில் தருமி புலம்பும் காட்சி 60 வருடங்கள் தாண்டியும் மீம்ஸ், ரீல்ஸ் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே படத்தில், வந்திருப்பது சிவன் என்று தெரிந்தும் பாட்டில் குற்றம் இருப்பதாக அடித்துச் சொல்வார் நக்கீரர். அந்த வேடத்தில் நடித்தவர்தான் படத்தின் இயக்குநர் ஏ.பி.நாகராஜன்.

நாடகத்திலிருந்து சினிமாவுக்கு

1928இல் சேலம் மாவட்டம் சங்ககிரி பக்கத்தில் உள்ள அக்கம்மாபேட்டையில் பிறந்தவர். இயற்பெயர் குப்புசாமி. சின்ன வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து, பெண் வேடங்கள் போட்டார். இவர் எழுதிய ‘நால்வர்’ நாடகம் 1953இல் படமானது. அதில் அவரே நடித்தார். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்திலும் இருந்தார். சுத்தமான தமிழ் வசனத்தின் மேல் இருந்த பிடிப்பு கடைசிவரை போகவில்லை.

அப்போது பக்திப் படம் ரிஸ்க்கா?

ரிஸ்க்தான். 1952இல் ‘பராசக்தி’ வந்த பிறகு, தமிழ் சினிமாவில் பகுத்தறிவு வசனத்துக்குக் கைதட்டல் அள்ளியது. அதில் அறிமுகமான சிவாஜியையே 1965இல் சிவனாக நிறுத்தினார் நாகராஜன்.

புராணத்தை அவர் குடும்பக் கதையாகச் சொன்னார். மாம்பழம் கிடைக்காத கோபத்தில் பையன் வீட்டை விட்டுப் போகிறான். அம்மா பின்னாலேயே போய், அப்பாவின் விளையாட்டுகளைச் சொல்லிச் சமாதானப்படுத்துகிறாள். ‘திருவிளையாடல்’ படத்தின் நான்கு கதைகளும் இதற்குள்தான் வருகின்றன. கணவன் மனைவி சண்டையும் உண்டு. குழந்தைக்கு அது மாயாஜாலம், பெரியவர்களுக்குத் தங்கள் வீட்டுக் கதை.

மயிலாப்பூரில் கிடைத்த தருமி

தருமியின் புலம்பலை நாகேஷ் படப்பிடிப்பிலேயே சொந்தமாகச் சேர்த்தார். மயிலாப்பூர் குளக்கரையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்த நினைவுதான் அதற்கு மூலம் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். இயக்குநரும் சரி, சிவாஜியும் சரி, அதில் கத்தரி போடவில்லை. அண்ணா சாலை சாந்தி தியேட்டரில் படம் வெள்ளி விழா கண்டது.

மூன்று தேவியர், ஒரு போட்டி

1966இல் ‘சரஸ்வதி சபதம்’. கல்வி, செல்வம், வீரம் மூன்றில் எது பெரிசு என்று தேவியருக்குள் போட்டி. வாய் பேசாதவர் புலவராகிறார், பிச்சைக்காரப் பெண் அரசியாகிறாள், கோழை தளபதியாகிறார். மூவருக்கும் தலைக்கனம் ஏறுகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் வாழ்க்கை என்று முடியும்போது, இது சாமிக் கதை மட்டுமல்ல என்று புரிந்துவிடும்.

1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அதே வருடம் ‘கந்தன் கருணை’, ‘திருவருட்செல்வர்’ என்று இரண்டு பக்திப் படங்களைக் கொடுத்தார். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் பல்லக்கில் வரும் நாயன்மார்களில் சிலரது கதைதான் இரண்டாவது.

பக்தி மட்டும்தானா?

இல்லை. 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’, 1973இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ இரண்டும் அவருடையவை. 1977இல், 49 வயதில் காலமானார். எம்.ஜி.ஆர். நடித்த ‘நவரத்தினம்’ அவரது கடைசிப் படங்களில் ஒன்று.

நக்கீரரைச் சிவன் எரிக்கிறார், பிறகு மீட்கிறார். ஆனால், நக்கீரர் கேட்டது தப்பு என்று படம் எங்கேயும் சொல்லாது. சாமி கும்பிடும் பாட்டியும், கேள்வி கேட்கும் பேரனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்க முடிவது அதனால்தான்.