எம்டன் தளபதியின் வாள்

கடல் எட்டாத கம்பம் பள்ளத்தாக்கிலும் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் புழங்குகிறது. தேனிச் சந்தையில் எதிராளியைப் பேரத்தில் மடக்கும் வியாபாரியையும், வீட்டை நடுங்க வைக்கும் தந்தையையும் எம்டன் என்று சொல்வது எங்கள் பகுதி வழக்கம். அச்சொல்லில் தந்திரமும் முரட்டுத்தனமும் கலந்திருக்கின்றன. அந்தக் கப்பலை நடத்திய கார்ல் வான் முல்லருக்குத் தந்திரம் பொருந்துகிறது. முரட்டுத்தனம் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

முல்லர் 1873 ஜூன் 16 அன்று ஹனோவரில் பிறந்தார். தந்தை பிரஷ்யத் தரைப்படை அதிகாரி. மகன் 1891-இல் கடற்படையைத் தேர்ந்தெடுத்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது பற்றிய மலேரியா கடைசிவரை அவரை விடவில்லை. 1913-இல் எம்டனின் தளபதியானார்.

முதல் உலகப் போர் மூண்டதும் சீனக் கரையிலிருந்து புறப்பட்ட எம்டன், பின்னர் தன் படைப்பிரிவிலிருந்து பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. மூன்று புகைபோக்கிகள் கொண்ட அக்கப்பலில் நான்காவதாகப் போலிப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்தி, அதைப் பிரிட்டிஷ் கப்பல்போலத் தோன்றச் செய்தார் முல்லர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கிடங்குகளைத் தாக்கினார். சுமார் அரைமணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தனர்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என் கவனம் அதற்கடுத்த நாள்களின் மீதே செல்கிறது. மக்கள் சென்னையை விட்டு வெளியேறினர். வணிகக் கப்பல்கள் துறைமுகங்களில் முடங்கின. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. எம்டன் அழித்த சரக்கை எண்ணிவிடலாம். அது எங்கே நிற்கிறது என்று தெரியாத அச்சம் வாணிபத்துக்கு விளைவித்த இழப்பை அப்படி எண்ணிவிட முடியாது.

ஆனால் சில மாதங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்த முல்லர், அவற்றின் மாலுமிகளைப் பத்திரமாக வேறு கப்பலுக்கு மாற்றிய பிறகே கப்பல்களை மூழ்கடித்தார். பினாங்கு அருகே பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தபின், நீரில் தத்தளித்த எதிரி வீரர்களையும் மீட்டார்.

1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை வீழ்த்தியது. 130-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் மாண்டனர். சரணடையும் அதிகாரி தம் வாளை வென்றவரிடம் ஒப்படைப்பது பழைய போர் மரபு. முல்லரும் அவருடைய அதிகாரிகளும் வாள்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்றது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை. உயிர்களை மதித்தவருக்கு எதிரி செலுத்திய மரியாதை அது.

ஜெர்மனி புதிய எம்டனைக் கட்டி, அதன் முகப்பில் இரும்புச் சிலுவைச் சின்னத்தைப் பதித்தது. முல்லரோ மால்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் போர்க்கைதியாக இருந்தார். 1917-இல் சக கைதிகளுடன் சுரங்கம் வழியே தப்பி மீண்டும் பிடிபட்டார். 1918-இல் மலேரியா காரணமாக நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, பின்பு தாயகம் திரும்பினார். பிரஷ்யாவின் மிக உயர்ந்த போர் விருதான 'பூர் லெ மெரிட்' அவருக்கு வழங்கப்பட்டது. 1923-இல், 49 வயதில் காலமானார்.

சென்னை உயர் நீதிமன்ற மதிலில் அந்தத் தாக்குதலை நினைவூட்டும் கல்வெட்டு உள்ளது. ஆனால் அன்றிரவு மாண்டவர்களைப் பற்றி நம் பேச்சில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. அவர்களைக் கொன்ற கப்பலின் பெயர்தான் மிஞ்சியது. வாளும் சிலுவையும் வென்றவர், தோற்றவர் என்ற இரு தரப்புக்கும் பெருமை சேர்க்கும். இடையில் அகப்பட்டு இறந்தவருக்கு எந்தப் போரும் சின்னம் வழங்குவதில்லை.

இதை முல்லர் ஓரளவு உணர்ந்திருந்தார் என்றே கருதுகிறேன். போர் நினைவுகளை நூலாக எழுதும்படி கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். தோழர்களின் குருதியைக் காசாக்குவது போலாகும் என்பது அவருடைய உறுத்தல். புகழை விற்க ஆள் தேடும் காலத்தில் வாழும் நமக்கு, எதிரி விட்டுத்தந்த வாளைவிட அந்த மறுப்பே பெரிய விருது.