வினயச் செம்மல் உபாலி

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்னர், சாக்கிய இளவரசர்களுக்கு முடிதிருத்தும் நாவிதராகக் கபிலவஸ்துவில் வாழ்ந்தவர் உபாலி. பத்தியர், அனுருத்தர், ஆனந்தர், பகு, கிம்பிலர், தேவதத்தர் ஆகிய அறுவர் புத்தர்பிரானிடம் துறவு பூணப் புறப்பட்டபோது அவரும் உடன் சென்றார். நாட்டெல்லை கடந்ததும் அவர்கள் தம் அணிகலன்களைக் கழற்றி மூட்டையாகக் கட்டி, வாழ்க்கைக்கு வைத்துக்கொள்ளுமாறு அவரிடம் அளித்துத் திருப்பி அனுப்பினர்.

வழியில் உபாலி சிந்தித்தார். இளவரசர்களைக் கெடுத்தவன் எனச் சாக்கியர் தம்மைக் கொல்லவும் கூடும். மேலும், அவர்களே செல்வத்தைத் துறக்கும்போது தாம் மட்டும் ஏன் துறக்கலாகாது? மூட்டையை ஒரு மரத்தில் தொங்கவிட்டு, காண்போர் கொள்ளட்டும் என விடுத்து, அவர்களிடமே மீண்டார்.

மல்லர் நாட்டு அனுப்பியாவில் இளவரசர்கள் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். தம் குலச்செருக்கு அடங்குமாறு உபாலிக்கே முதலில் துறவு அருள வேண்டும் என்றனர். புத்தரும் இசைந்தார். சங்கத்தில் மூப்பு துறவு பூண்ட நாளைப் பொறுத்தது. பிறந்த குலத்தைப் பொறுத்ததன்று. ஆகவே சாக்கியரின் அரசராயிருந்த பத்தியரும் நாவிதரை வணங்கினார்.

மனம் அறிந்து செய்வதே வினை என்பது புத்தர் போதனை. நாம் நுகரும் இன்ப துன்பம் அனைத்தும் முற்பிறவிப் பயனே என்னும் கொள்கையை அவர் மறுத்தார். இதற்கு உபாலியும் தேவதத்தரும் சான்றாவர்.

கருவுற்றதை அறியாமலே துறவு பூண்ட பிக்குணி ஒருத்தியைத் தேவதத்தர் தம் பெயருக்கு அஞ்சி, விசாரியாமலே வெளியேற்றினார் என்று பாலி உரைநூல்கள் கூறும். அவள் சாவத்தியில் புத்தரை அடைந்தாள். வழக்கைத் தீர்க்கும் பொறுப்பு உபாலியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் விசாகை அம்மையாரைக் கொண்டு நாள்கணக்கை ஆராய்ந்தார். துறவுக்கு முன்னரே கருவுற்றாள் எனத் தெளிந்து, அரசர் முன்னிலையில் அவளைக் குற்றமற்றவள் என அறிவித்தார். அவள் மகனே பின்னாளில் சொல்வன்மையால் புகழ்பெற்ற குமார கச்சபர்.

ஒருமுறை உபாலி காட்டில் தனித்துத் தவமியற்ற விரும்பினார். புத்தரோ சங்கத்திலேயே இருக்கப் பணித்தார். அவ்வாறே இருந்து, துறவியர் ஒழுக்கநெறியாகிய வினயத்தை ஐயந்திரிபறக் கற்றார். வினயம் அறிந்தோருள் முதல்வர் என்று புத்தராலேயே சிறப்பிக்கப்பெற்றார். புத்தர் மறைவுக்குப்பின் இராசகிருகத்தில் 500 பிக்குகள் கூடிய முதற் பேரவையில், மகாகாசியபர் வினவ, வினயம் முழுவதையும் ஓதியவர் அவரே.

தேவதத்தரோ சங்கத்தைப் பிளந்து அழிவுற்றார். ஒரே நாளில், ஒரே ஆசானிடம் துறவு பூண்டவர்கள் இவ்விருவரும். அவர்களை வேறுபடுத்தியது குலம் அன்று, செயலே.

இளைஞர்களே! நம் முன்னோர் செய்த தீவினையே நம் தாழ்வுக்குக் காரணம் என எவரேனும் உரைப்பின், உபாலியை நினையுங்கள். கற்பதும், தீர விசாரிப்பதும், நேர்மை வழுவாமையும் இன்று நம் கையிலுள்ள வினைகள். அவற்றைச் செய்வோமாக!