பந்தை வைத்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுத்தவர்

நண்பர்களே, மண்டபம் கடற்கரை மணலிலும் தங்கச்சிமடத்துப் பொட்டலிலும் வெறுங்காலோடு பந்து உதைத்துப் பழகியவர்கள் நாம். அதே வெறுங்கால் அணி ஒன்று 1948-ல் லண்டன் ஒலிம்பிக் வரை போனது. அதன் கேப்டன் யார் என்று கேட்டால் நம்மில் பலர் முழிப்போம். அவர்தான் டாக்டர் தாலிமெரன் ஆவ்.

நாகா மலையில் சாங்கி என்ற கிராமத்தில் 1918 ஜனவரி 28-ல் பிறந்தார். அப்பா கிறிஸ்தவ போதகர். 1935-ல் டைபாய்டு காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. மகன் டாக்டராகி மலை ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. காய்ச்சலுக்கே மனுஷன் செத்துப்போகிற ஊரில் அந்த ஆசைக்கு என்ன கனம் என்று யோசித்துப் பாருங்கள்!

கௌகாத்தி காட்டன் கல்லூரியில் படித்தபோதே பந்தாட்டத்தில் பெயர் எடுத்தார். 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி. உலக யுத்த நேரம். அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் கல்கத்தா மீதே குண்டு போட்டான். அடுத்த வருஷம் வங்காளப் பஞ்சம். அந்த 1943-ல்தான் மோகன் பகான் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1943, 1944 இரண்டு வருஷமும் கல்கத்தா லீக் கோப்பை மோகன் பகானுக்கே. அதே 1944-ல் அவருடைய சொந்த நாகா மலையில், கோஹிமாவில், ஜப்பான் படையும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் மோதின. மலை பற்றி எரியும்போது இங்கே மைதானத்தில் பந்து, ஹாஸ்டலில் அனாடமி புத்தகம். மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை, லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தார். ஜூலை 31, இல்ஃபோர்டு மைதானம். எதிரே பிரான்ஸ். நம் ஆட்கள் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. முதலில் பிரான்ஸ் கோல் போட்டது. 70-வது நிமிஷம் சாரங்கபாணி ராமன் திருப்பி அடித்தார். ஆனால் கிடைத்த இரண்டு பெனால்டியும் வீண்! 89-வது நிமிஷம் பிரான்ஸ் மறுபடி அடிக்க, 2-1. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆர்சனல் கிளப் ஓராண்டு ஒப்பந்தம் தர முன்வந்தது, அவர் வேண்டாமென்றார் என்று சொல்வார்கள். அது எப்படியோ, 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்ததும் கல்கத்தாவின் கைதட்டலை விட்டுவிட்டு, கொஞ்ச காலம் திப்ருகாரில் இருந்து, கோஹிமா ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்தார் என்பது நிச்சயம். 1942-ல் சேர்ந்தவர் 1950-ல்தான் பட்டம் வாங்கினார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் ஆறுதல் தேட வேண்டாம், அவருக்கு நடுவில் ஒலிம்பிக் இருந்தது!

நம் தீவுப் பக்கம் டாக்டருக்குப் படிக்கப் போனவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள் என்று எண்ணினால், இவர் செய்ததன் அருமை புரியும். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானது. அதன் சுகாதாரத் துறைக்கே இயக்குநராகி, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13-ல் காலமானபோது வயது 80.

2018-ல் தபால்தலை வந்தது. அவர் பெயரில் 2009 முதல் வடகிழக்கு மாநிலப் பையன்களுக்கு ஒரு கால்பந்துப் போட்டியும் நடத்தத் தொடங்கினார்கள்.