புயல் கடலில் படகு விட்ட பெண்

கடல் நடுவே ஒரு பாறை. பாறை மேல் ஒரு கலங்கரை விளக்கம். அதற்குள் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் மகள் ஒருத்தி ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றாள். பெற்ற புகழ் அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

அவள் பெயர் கிரேஸ் டார்லிங்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் நார்தம்பர்லாந்து என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஸீஹவுசஸ் என்பது மீன்பிடித் துறைமுகம். அங்கிருந்து கடலோரமாக வடக்கே சுமார் 3 மைல் நடந்தால் பாம்பரோ என்ற ஊர் வரும். மணல்மேடுகளின் மேல் நடப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ஒரு கரும்பாறைக் குன்று. அதன் மேல் ஒரு பழைய கோட்டை. வலது கைப் பக்கம் கடலைப் பார்த்தால், கறுப்புப் புள்ளிகளாகச் சில தீவுகள் தெரியும். அவைதான் பார்ன் தீவுகள்.

கோட்டை நிற்பதும் தீவுகளாகத் தெரிவதும் ஒரே பாறைதான். பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு உறைந்து இறுகிய பாறை. கடல்நீர் ஏறினால் பல திட்டுகள் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் திட்டுகளில் மோதி உடைந்த கப்பல்கள் ஏராளம்.

தீவிலே வளர்ந்தாள்

கிரேஸ் 1815-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி பாம்பரோவில் பிறந்தாள். தந்தை வில்லியம் டார்லிங். விளக்குக் காவல் அவருடைய உத்தியோகம். தாய் தாமசின். பிள்ளைகள் ஒன்பது பேர். கிரேஸ் ஏழாவது.

குழந்தைப் பருவம் பிரவுன்ஸ்மன் என்ற தீவில் கழிந்தது. அங்கே கொஞ்சம் மண் உண்டு. தோட்டம் போட்டுக் காய்கறி பயிரிட்டார்கள். ஆனால் அந்தத் தீவு விளக்கு, கப்பல்களுக்குச் சரியான இடத்தில் இல்லை. ஆகவே இன்னும் கடலுக்குள் தள்ளி, லாங்ஸ்டோன் என்ற பாறையில் புதுக் கோபுரம் எழுந்தது. 1826-ல் அதில் விளக்கு ஏற்றினார்கள். உயரம் சுமார் 85 அடி. கிரேசுக்கு அப்போது 10 வயது.

லாங்ஸ்டோனில் புல் பூண்டு கிடையாது. பக்கத்து வீடு கிடையாது. பள்ளிக்கூடம் ஏது? தந்தையே எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். விளக்கைத் துடைப்பது, இரவில் முறை வைத்துக் கண் விழிப்பது, படகு தள்ளுவது எல்லாம் பெண் பிள்ளைக்கும் பழகிப்போயின. அண்ணன்மாரும் அக்காள்மாரும் ஒவ்வொருவராகக் கரைக்குப் போய்விட்டார்கள். கிரேஸ் பெற்றோருடன் தங்கினாள்.

உடைந்தது கப்பல்

1838-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். பார்பர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் ஹல் நகரிலிருந்து ஸ்காட்லாந்தில் உள்ள டண்டீ நகருக்குப் புறப்பட்டது. வழியில் பாய்லர் ஒழுகியது. இயந்திரம் நின்றது. வடக்கேயிருந்து பெரும் புயல் வேறு. கப்பல் தெற்கு நோக்கி அடித்துக்கொண்டு வந்தது. தீவுகளுக்கு உள்பக்கம் புகுந்து ஒதுங்க நினைத்த கேப்டன், ஒரு விளக்கை இன்னொரு விளக்கு என்று எண்ணி ஏமாந்தார் என்று சொல்லப்படுகிறது.

7-ந் தேதி அதிகாலை சுமார் 4 மணி. ஹார்கர் என்ற பாறையில் கப்பல் மோதியது. சில நிமிடங்களில் இரண்டாகப் பிளந்தது. பின்பாதியை, அதிலிருந்த பயணிகளோடு கடல் கொண்டுபோயிற்று. 40 பேருக்கு மேல் மாண்டார்கள். கேப்டனும் அவருடைய மனைவியும் அதில் அடக்கம்.

ஒன்பது பேர் ஒரு சிறு படகில் தப்பினார்கள். வேறொரு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. இன்னும் சிலர் பாறையைப் பற்றிக்கொண்டு கிடந்தார்கள்.

கிரேஸ் தன் அறை ஜன்னல் வழியாக உடைந்த கப்பலைக் கண்டாள். ஓடித் தந்தையை அழைத்தாள். இருட்டில் ஆள் நடமாட்டம் தெரியவில்லை. இருவரும் மாறி மாறித் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்தார்கள். 7 மணி சுமாருக்கு வெளுப்புக் கண்டது. பாறை மேல் மனிதர்கள் அசைவது தெரிந்தது.

தீவில் வேறு ஆண்பிள்ளை இல்லை. தம்பி மீன்பிடிக்கக் கரைக்குப் போயிருந்தான். படகோ 21 அடி நீளம். அமைதியான கடலிலேயே அதைத் தள்ள மூன்று பேர் வேண்டும். தந்தையும் மகளும் ஏறினார்கள். தாய் உதவிப் படகைத் தள்ளிவிட்டாள்.

நேராகப் போனால் தூரம் குறைவு. ஆனால் நேராகப் போனால் படகு மிஞ்சாது. காற்று மறைவு தேடித் தீவுகளைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒரு மைல் துடுப்புப் போட்டார்கள்.

பாறையில் ஒன்பது பேர் உயிரோடு இருந்தார்கள். ஒரே தடவையில் ஏற்ற முடியாது. தந்தை பாறை மேல் தாவினார். இப்போது படகில் கிரேஸ் ஒருத்தி மட்டுமே. இரண்டு துடுப்புகளையும் பிடித்து, படகு பாறையில் மோதாமலும் தூரப் போய்விடாமலும் முன்னும் பின்னுமாக விட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் செய்த காரியங்களில் மிகக் கடினமானது இதுதான். படத்தில் வரைவதற்கு மட்டும் அது அவ்வளவு அழகாக இராது.

பாறையில் ஒரு தாய் இருந்தாள். இரண்டு குழந்தைகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டும் குளிரில் இறந்துவிட்டன. அவளையும் நான்கு ஆண்களையும் முதலில் ஏற்றினார்கள். வீடு சேர்ந்ததும் கிரேஸ் அந்தத் தாயைக் கவனிக்க நின்றுகொண்டாள். தந்தையும், மீட்கப்பட்ட மாலுமிகள் இருவரும் திரும்பிப் போய் மற்ற நால்வரைக் கொண்டுவந்தார்கள்.

கரையிலிருந்து வந்த ஏழு பேர்

அன்று இன்னொரு படகும் புறப்பட்டது. ஸீஹவுசஸ் பக்கத்து மீனவர் ஏழு பேர், கிரேசின் தம்பி உள்பட, சுமார் 5 மைல் துடுப்புப் போட்டு வந்தார்கள். வந்து பார்த்தால் பாறையில் பிணங்கள் மட்டுமே. திரும்பிப் போகக் கடல் இடம் தரவில்லை. அவர்களும் லாங்ஸ்டோனுக்கே வந்தார்கள். ஆக 19 பேர், சில நாள் ஒரே பாறையில் அடைந்து கிடந்தார்கள். உள்ள உணவைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

இந்த ஏழு பேரின் பெயரை உலகம் தெரிந்துகொள்ளவில்லை. அவர்களுக்கு மனத்தாங்கல் உண்டானதில் வியப்பில்லை.

புகழ் வந்தது

பத்திரிகைகளுக்குச் செய்தி கிடைத்தது. போதுமே! அலறல் கேட்டுப் பெண் விழித்தாள், தயங்கிய தந்தையைக் கெஞ்சி இழுத்துப் போனாள் என்றெல்லாம் எழுதினார்கள். அந்தக் காற்றில் அத்தனை தூரத்து அலறல் எப்படிக் கேட்கும்? தந்தையோ விளக்குக் குறிப்புப் புத்தகத்தில் மகள் பெயரைக்கூட எழுதவில்லை. டார்லிங் குடும்பத்தார் ஒன்பது பேரை மீட்டார்கள் என்பதோடு முடித்துவிட்டார்.

தந்தைக்கும் மகளுக்கும் வெள்ளிப் பதக்கங்கள் கிடைத்தன. பொதுமக்கள் நிதியாக 700 பவுனுக்கு மேல் சேர்ந்தது. அதில் 50 பவுன் விக்டோரியா ராணி கொடுத்தது. ராணிக்கு அப்போது வயது 19, கிரேசுக்கு 22. நார்தம்பர்லாந்து பிரபு பணத்துக்குப் பொறுப்பாளராக இருந்து பார்த்துக்கொண்டார்.

அத்தோடு விட்டார்களா? ஓவியர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தீவுக்கு வந்து அவளை உட்காரவைத்துப் படம் வரைந்தார்கள். வேடிக்கை பார்க்கப் படகு படகாக ஜனங்கள் வந்தார்கள். தலைமுடியில் ஒரு கற்றை அனுப்பச் சொல்லிக் கடிதங்கள் குவிந்தன. கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டும் எழுதினார்கள். மேடையேறி நடிக்கக் கூப்பிட்டவர்களும் உண்டு. அவள் மறுத்துவிட்டாள். தீவை விட்டு வெளியே போனால் கூட்டம் மொய்த்தது. கூச்ச சுபாவமுள்ள பெண்ணுக்கு அது பெரும் வேதனை.

26 வயதில்

1842-ல் கோக்கெட் தீவு விளக்கில் வேலை பார்த்த அண்ணனைப் பார்க்கப் போனாள். திரும்பும்போது சளி பிடித்தது. குணமாகவில்லை. காசநோய்! ஊர் மாற்றிப் பார்த்தார்கள். பிரபுவின் மனைவி தம் டாக்டரை அனுப்பினார். ஒன்றும் பலிக்கவில்லை. அக்டோபர் 20-ந் தேதி, பாம்பரோவில் உயிர் பிரிந்தது. 27 வயது நிறைய ஒரு மாதம்தான் பாக்கி.

பிறந்த வீட்டுக்கு அருகிலேயே, மாதாகோவில் தோட்டத்தில் புதைத்தார்கள். 1844-ல் நினைவு மண்டபம் ஒன்று கட்டினார்கள். கடலில் போகும் கப்பல்காரர்களுக்குத் தெரியவேண்டும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளே கல்லில் செதுக்கிய கிரேஸ் படுத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு துடுப்பு.

1938-ல், நூறாண்டு நிறைந்தபோது, எதிரே ஒரு காட்சிசாலை திறந்தார்கள். அந்த 21 அடிப் படகு அங்கே இருக்கிறது. 1990-லிருந்து லாங்ஸ்டோன் விளக்குக்குக் காவல் ஆள் இல்லை, தானே எரிகிறது. ஸீஹவுசஸிலிருந்து படகில் போகிறவர்கள், கிரேஸ் அன்று எட்டிப் பார்த்த ஜன்னலைக் காணலாம்.